சீட்டு மெத்தென்று இருந்தால் வலி போகாது

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு கியர் சைக்கிளில் வேலைக்குப் போய்வருகிறீர்கள். கிருமாம்பாக்கம் வருவதற்குள் பின்பக்கம் வலி எடுக்கிறது, சில நாள் முன்பக்கம் மரத்தும் போகிறது. ஜெல் கவர் போட்டுப் பார்த்தீர்கள், இன்னும் மோசமானது. பழைய சைக்கிளில் இருப்பதுபோல அகலமான ஸ்பிரிங் சீட்டு மாட்டலாமா, மனைவிக்கு வாங்கப்போகும் சைக்கிளுக்கும் அதையே போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்களுக்கு ஸ்பிரிங் சீட்டு வேண்டாம். உங்கள் மனைவிக்கு அநேகமாக அதுதான் சரி. ஜெல் கவரை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன். காரணம் தெரிந்துவிட்டால் எந்தக் கடைக்குப் போனாலும் கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பி வாங்க வேண்டியிருக்காது.

மரப்பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் அடியில் கொடுத்துப் பாருங்கள். பக்கத்துக்கு ஒன்றாகக் கெட்டியான இரண்டு முனை தட்டுப்படும். இடுப்பெலும்பின் அடிப்பகுதி அது. உட்காரும்போது உடம்பின் பாரத்தைத் தாங்குவது அந்த எலும்புகளின் வேலை. இரண்டுக்கும் நடுவே, பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட இடத்தில், பாரம் தாங்க எலும்பு கிடையாது. அங்கே ஓடுவது நரம்பும் ரத்தக்குழாயும். எலும்பு இரண்டும் சீட்டின் மேல் உட்கார வேண்டும், நடுப்பகுதியில் பாரம் விழக் கூடாது. சீட்டு விஷயத்தில் மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஜெல் கவரில் நடப்பது இதற்கு நேர்மாறு. எலும்பு ஜெல்லுக்குள் புதைகிறது. புதைந்த இடத்திலிருந்து பிதுங்கும் ஜெல் நடுவில் மேலெழும்பி, தாங்கக் கூடாத இடத்தைத் தாங்க ஆரம்பிக்கிறது. கடையில் விரலால் அமுக்கிப் பார்க்கும்போதும் தெருவை ஒரு சுற்று சுற்றும்போதும் சுகமாகத்தான் இருக்கும். அரைமணி நேரம் போனால் மரத்துப்போகும். போதாததற்குக் கவர் நம்மோடு சேர்ந்து நகராமல் அடியில் வழுக்கிக்கொண்டே இருக்கும், தோல் உராயும். வெயிலில் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தால் சூட்டை வெளியே விடாது, வியர்வை அங்கேயே தேங்கும்.

மரத்துப்போவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் நியோஷ் என்ற அரசு நிறுவனம், சைக்கிளில் ரோந்து போகும் 90 போலீஸ்காரர்களுக்கு முன்பக்க மூக்கே இல்லாத சீட்டைக் கொடுத்து ஆறு மாதம் கவனித்தது. ஆய்வு 2008-ல் வெளியானது. மூக்குள்ள சீட்டில் ஓட்டியபோது தங்களுக்கு மரப்பே இல்லை என்றவர்கள் 27 சதவீதம். மாற்றிய பிறகு அது 82 சதவீதம் ஆனது. இதைப் படித்துவிட்டு நீங்கள் மூக்கில்லாத சீட்டைத் தேட வேண்டாம். லாரியும் பஸ்ஸும் உரசிப்போகும் சாலையில் சைக்கிளைத் தொடையால் கட்டுப்படுத்த அந்த மூக்கு உதவுகிறது. ஆனால் மரப்பு உடம்பின் பலவீனத்தால் வருவதில்லை, நடுப்பகுதியில் விழும் அழுத்தத்தால் வருகிறது. அழுத்தத்தை எடுத்தால் போய்விடும். அந்த ஆய்விலிருந்து இதை எடுத்துக்கொண்டால் போதும்.

இப்போது இருக்கும் சீட்டிலேயே சரிசெய்ய வேண்டியவை உண்டு. அவற்றைச் செய்யாமல் புதுச் சீட்டு வாங்கினால் பழைய வலி புதுச் சீட்டிலும் தொடரும்.

முதலில் உயரம். நம் பக்கத்தில் பத்துப் பேரில் எட்டுப் பேர் சீட்டைத் தாழ்த்தி வைத்துத்தான் ஓட்டுகிறார்கள். சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் பட வேண்டும் என்று சிறுவயதில் பழகிய பழக்கம். சீட்டு தாழ்ந்திருந்தால் முழங்கால் மடங்கியே இருக்கும், காலால் பெடலை அழுத்தித் தள்ள முடியாது. நன்றாக அழுத்தும்போது உடம்பின் பாரத்தில் ஒரு பங்கைக் கால் வாங்கிக்கொள்ளும். மடங்கிய கால் வாங்காது. மொத்தப் பாரமும் சீட்டின் மேல்தான். வலி என்று வருகிற பலருக்குச் சீட்டை இரண்டு விரல்கடை ஏற்றியதுமே பாதி குறைந்துவிடும்.

அளவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. வெறுங்காலோடு சுவரில் முதுகு சாய்த்து நில்லுங்கள். கெட்டி அட்டை போட்ட தடித்த புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே வைத்து, சீட்டு அழுத்துகிற அளவுக்கு மேலே தூக்குங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை வீட்டில் யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். அதை 0.883-ஆல் பெருக்கினால் வருவது, பெடல் கட்டைகள் இரண்டும் சட்டத்தில் சேர்ந்து சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம். 80 செ.மீ. என்றால் 70.6 செ.மீ. இது தொடக்கம்தான், வேதவாக்கு இல்லை. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தை வைத்து ஓட்டும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். இதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அலுவலகத்துக்கு ஷூ, மற்ற நாளில் செருப்பு என்றால் அடித்தட்டின் தடிமனுக்கு ஏற்ப உயரம் மாறும். அதிகம் எதைப் போட்டு ஓட்டுகிறீர்களோ அதை வைத்தே சரிபாருங்கள். ஒரே நாளில் ஏற்றாமல் அரை செ.மீ. அரை செ.மீ. ஆக ஏற்றுங்கள். பின்னால் வருகிறவரைப் பார்க்கச் சொல்லுங்கள்: இடுப்பு இடமும் வலமும் ஆடினால் அதிகமாகிவிட்டது. சீட்டு பைப்பில் இதற்குமேல் இழுக்கக் கூடாது என்று கோடு போட்டிருப்பார்கள். அது வெளியே தெரியக் கூடாது. சிக்னலில் நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்றப் பழகிவிட்டால் உயரம் பயமாக இருக்காது.

அடுத்து சாய்வு. சைக்கிளைச் சமமான தரையில் நிறுத்தி, சீட்டின் மேல் நீளவாக்கில் ஒரு ஸ்கேலோ பலகையோ வைத்து, அதன்மேல் போனில் மட்டம் பார்க்கும் வசதியைத் திறந்து வையுங்கள். மட்டமாக இருக்க வேண்டும். முன்பக்கம் ஓரிரண்டு டிகிரி தாழலாம். மூக்கு தூக்கியிருந்தால் மரப்பு வரும், உங்கள் புகாரைக் கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். அதற்காக ஒரேயடியாகக் கவிழ்த்துவிட்டால் உடம்பு முன்னால் சறுக்கிக்கொண்டே இருக்கும். கையை ஊன்றித் தடுத்துத் தடுத்து மணிக்கட்டும் தோளும் வலிக்கும்.

இதில் சீட்டைப் பைப்போடு இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். விலை குறைந்த சைக்கிளிலும் பழைய சைக்கிளிலும் சீட்டின் அடியில் இருபுறமும் நட்டு வைத்த கிளாம்பு இருக்கும். கழற்றினால் உள்பக்கத்தில் வட்டமாகப் பல் வெட்டியிருப்பது தெரியும். ஒரு பல் தள்ளினால் மூக்கு ஒரேயடியாகச் சில டிகிரி இறங்கும், ஒரு பல் ஏற்றினால் தூக்கிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்த முடியாது. பல் தேய்ந்துவிட்டால் இன்னும் தொல்லை. காலையில் மட்டமாக வைத்த சீட்டு நாலு வேகத்தடை ஏறி இறங்கியதும் பின்பக்கம் பாரத்தில் அமுங்கி, மூக்கு மெல்ல மேலே போகும். ஓட்டுகிறவருக்கு அது தெரியாது; சீட்டே சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். உங்கள் கிளாம்பு அப்படி இருந்தால், தலையிலேயே ஆலன் கீ போல்ட்டு வைத்த சீட்டு பைப்பாக மாற்றுங்கள். சில நூறு ரூபாய் செலவு, அரை டிகிரி வரைக்கும் நுணுக்கமாக வைக்கலாம். பைப்பின் விட்டம் சைக்கிளுக்கு சைக்கிள் மாறும். இப்போதுள்ள பைப்பை உருவினால் 27.2, 31.6 என்று விட்டத்தை மில்லிமீட்டரில் பொறித்திருப்பதைப் பார்க்கலாம். அதே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நம் கடற்கரைக் காற்றில் போல்ட்டு சீக்கிரம் துருப்பிடிக்கும், மாட்டும்போதே கிரீஸ் தடவிவிடச் சொல்லுங்கள்.

முன்னும் பின்னும் நகர்த்துவதற்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். பெடல் கட்டைகள் தரைக்கு இணையாக இருக்கும்போது முன்கால் முழங்காலிலிருந்து நூலில் கட்டிய தூக்குக்குண்டு பெடலின் அச்சுக்கு நேராக விழுந்தால் போதும். ஆனால் ஹேண்டில்பார் எட்டாமல் நீங்கள் நீட்டிப் பிடித்துக்கொண்டு ஓட்டினால், இடுப்பு முன்னால் கவிழ்ந்து பாரம் மூக்குப் பக்கம் போகும். அதற்குச் சீட்டை முன்னால் தள்ளாதீர்கள். ஹேண்டில்பாரை உயர்த்துங்கள், அல்லது அதைத் தாங்கும் ஸ்டெம்மைக் குட்டையாக மாற்றுங்கள்.

இதெல்லாம் முடிந்து ஒரு வாரம் ஓட்டியும் வலி இருந்தால் சீட்டை மாற்றலாம். அதற்கு உங்கள் எலும்பின் அகலம் தெரிய வேண்டும். கடைக்குப் போக வேண்டாம். டிவி, மிக்சி வந்த பெட்டியின் அட்டையில், உள்ளே அலை அலையாக மடிப்பு இருக்கும் அட்டையாகப் பார்த்து, ஒரு துண்டு வெட்டுங்கள். மாடிப்படியில் போட்டு, மெல்லிய துணியோடு அதன்மேல் உட்காருங்கள். சைக்கிளில் எவ்வளவு குனிவீர்களோ அவ்வளவு குனிந்து, குதிகாலைத் தூக்கி, ஒரு நிமிடம் அசையாமல் இருங்கள். எழுந்து பார்த்தால் இரண்டு பள்ளம் விழுந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள், பள்ளம் வெளுப்பாகத் தெரியும். இரண்டின் நடுப்புள்ளிக்கும் இடையே அளங்கள். பெரும்பாலானவர்களுக்கு 10-லிருந்து 15 செ.மீ.-க்குள் வரும். ஆளின் உயரத்துக்கோ பருமனுக்கோ இதோடு நேரடியான தொடர்பு கிடையாது. ஒல்லியானவருக்கு 14 வரலாம், தொப்பை வைத்தவருக்கு 11 வரலாம். ஆளைப் பார்த்து சீட்டு எடுத்துக் கொடுக்கிற கடைக்காரர் தவறுவது இங்கேதான்.

உங்களைப்போல ஓரளவு குனிந்து ஓட்டுகிறவர் இந்த அளவோடு இரண்டிலிருந்து மூன்று செ.மீ. கூட்டிக்கொள்ளலாம். எலும்பு சீட்டின் விளிம்பில் இல்லாமல் தட்டையான பகுதியில் உட்காருவதற்காக இந்தக் கூடுதல். அளவு 11.5 என்றால் 14 செ.மீ. அகலமுள்ள சீட்டு. நிமிர்ந்து ஓட்டுகிறவருக்கு இதைவிட அகலம் வேண்டும். அந்த எலும்புகள் வெறும் புள்ளிகள் அல்ல. பின்னால் விரிந்தும் முன்னால் வரவர நெருங்கியும் போகிற இரண்டு கட்டைகள். நிமிர்ந்து உட்கார்ந்தால் அகன்ற பின்முனையில் பாரம் விழும், குனிந்தால் குறுகிய முன்பகுதியில் விழும்.

ஸ்பிரிங் சீட்டு உங்களுக்கு வேண்டாம் என்றதும் இதனால்தான். ராலே, ஹெர்குலிஸ், அட்லஸ் என்று நம் தாத்தாக்கள் ஓட்டிய சைக்கிளில் அந்தச் சீட்டு அருமையாக இருந்தது, ஏனென்றால் அந்த ஹேண்டில்பார் உயரத்துக்கு முதுகு செங்குத்தாக நிற்கும். ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்குத் தமிழக அரசு கொடுக்கும் சைக்கிளிலும் இதே உட்கார்ந்த நிலைதான். கியர் சைக்கிளில் குனியும்போது அதே அகலம் ஒவ்வொரு மிதிக்கும் உள்தொடையில் உரசும். உரசாமல் இருக்க நீங்கள் தானாகவே முன்னால் நகர்ந்து மூக்கில் உட்காருவீர்கள். மரப்பு இன்னும் கூடும்.

உங்களுக்கு நான் சொல்வது, அளவுக்கேற்ற அகலம், அழுத்தினால் உடனே குழியாத கெட்டியான ஃபோம், நடுவில் நீளவாக்கில் பள்ளமோ திறப்போ உள்ள சீட்டு. தையல் தொடை படும் பக்கத்தில் வராமல் பாருங்கள். கடையில் பிடித்ததை மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்க அனுமதிப்பார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் சைக்கிள் ஓட்டும் நண்பரிடம் ஒரு வாரத்துக்கு இரவல் வாங்குங்கள். சீட்டின் தரம் பத்து நிமிடத்தில் தெரியாது.

தோல் சீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் புரூக்ஸ் 1866-ல் பர்மிங்காமில் தொடங்கிய நிறுவனம். 1882-லிருந்து சீட்டு செய்கிறது. அவர்களுடைய பி17 என்ற சீட்டு 1890-களிலிருந்து ஏறக்குறைய அதே வடிவத்தில் வருகிறது. அதில் ஃபோமே கிடையாது. கெட்டியான தோலை முன்னும் பின்னும் ரிவிட் அடித்து இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஓட்ட ஓட்ட உங்கள் எலும்பு இருக்கும் இடத்தில் மட்டும் தோல் பள்ளமாகப் பழகும். பழகிய பிறகு அதற்கு ஈடு எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆனால் விலை ஆயிரக்கணக்கில். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனையவிட்டு அதன்மேல் உட்கார்ந்தால் தொய்ந்து கெட்டுவிடும். எப்போதும் பிளாஸ்டிக் உறை கூடவே இருக்க வேண்டும், நனைந்தால் நிழலில்தான் காயவைக்க வேண்டும், எண்ணெய் ஊற்றி ஊறவைக்கக் கூடாது. தினம் வேலைக்குப் போகிறவருக்கு, சைக்கிள் நிறுத்த கூரை இல்லையென்றால், நான் சொல்ல மாட்டேன்.

சீட்டைத் தாண்டியும் உங்கள் பாதையில் ஒரு காரணம் இருக்கிறது. கடலூரிலிருந்து புதுச்சேரி வரை சாலை சமதளம். மேடு ஏறும்போது எவரும் தானாகவே எழுந்து நின்று மிதிப்பார்கள், ரத்தம் ஓடும். சமதளத்தில் மிதிப்பதை நிறுத்த வேண்டிய அவசியமே வராததால் உட்கார்ந்தபடியே இருந்துவிடுகிறோம். ஆகவே வேண்டுமென்றே எழ வேண்டும். ஆல்பேட்டை தாண்டியதும் பெண்ணையாற்றுப் பாலம், நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றுப் பாலம், வழியில் வரும் ஒவ்வொரு வேகத்தடை என்று குறித்துக்கொண்டு அங்கெல்லாம் பத்து மிதி நின்றபடி மிதியுங்கள். கோடையில் சாயங்காலம் திரும்பும்போது வலி கூடுதலாக இருக்கிறதா என்று கவனியுங்கள். அந்த நேரத்தில் தென்கிழக்கிலிருந்து கடல்காற்று முகத்தில் அடிக்கும். காற்றுக்கு அடங்கி நாம் குனிந்துகொள்வோம், பாரம் முன்னால் போகும். கியரைக் குறைத்து, வேகத்தைக் குறைத்து, நிமிர்ந்தே வாருங்கள்.

டயரில் காற்றை இறுக்கிவிடாதீர்கள். பல டயர்களின் பக்கவாட்டில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு எண் இருக்கும். உச்சத்துக்கு நிரப்பினால் தார்ச்சாலையின் ஒவ்வொரு சொரசொரப்பும் எலும்புக்கு வந்து சேரும். இரண்டுக்கும் நடுவில் வையுங்கள். சைக்கிள் இடம்கொடுத்தால் கொஞ்சம் அகலமான டயர் போடுங்கள். ஜெல் தருவதாகச் சொல்லும் சுகத்தை உண்மையில் தருவது டயர்தான்.

ஜீன்ஸ் போட்டு ஓட்டாதீர்கள். நாலு தையல் கூடும் தடித்த முடிச்சு சரியாகப் படக்கூடாத இடத்தில் இருக்கும். பேடு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் வாங்கி, அதை உள்ளாடை இல்லாமல், பேண்ட்டுக்கு அடியில் போடுங்கள். பேடு உடம்போடு ஒட்டி நகர்வதால் உராய்வு இல்லை. இரண்டு வாங்கி தினமும் துவைத்துக் காயவைத்துப் போடுங்கள். வேலைக்குப் போய்ச் சேர்ந்ததும் கழற்றிவிடுங்கள். உரசும் இடத்தில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் போதும். நம் ஊர் புழுக்கத்தில் தொடையிடுக்கில் வட்டமாகச் சிவந்து அரிப்பெடுத்தால் அது சீட்டுப் புண் இல்லை, படர்தாமரையாக இருக்கலாம். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவினால் முதலில் அடங்கியதுபோல இருந்து பிறகு பரவும்; தோல் மருத்துவரைப் பாருங்கள்.

எந்த வலியைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக் கூடாது? புதுச் சீட்டில் முதல் இரண்டு வாரம் அந்த இரண்டு எலும்பு முனையும் நோகும். அது நல்ல அடையாளம், பாரம் சரியான இடத்தில் விழுகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஓட்டினால் பழகிவிடும். ஒரு பக்கம் மட்டும் நொந்தால் சீட்டு திரும்பியிருக்கிறதா, அதிக உயரமா என்று பாருங்கள். மரப்பு மட்டும் பழகக் கூடியதல்ல. வந்தால் அன்றைக்கே ஏதாவது மாற்ற வேண்டும். இறங்கிச் சில மணி நேரம் கழித்தும் மரப்பு தெளியவில்லை, சிறுநீர் போகும்போது எரிகிறது, தாம்பத்தியத்தில் சிரமம் தெரிகிறது என்றால் சைக்கிளை நிறுத்திவிட்டு, கடலூர் அரசு மருத்துவமனையிலோ ஜிப்மரிலோ காட்டுங்கள். கூச்சப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் மனைவிக்கு வருகிறேன். உழவர் சந்தைக்கும் சில்வர் பீச்சுக்கும் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டப்போகிறார் என்றால் அகலமான ஸ்பிரிங் சீட்டு பொருத்தம். பெண்களுக்கு இடுப்பெலும்பு பொதுவாக அகலம், ஆகவே ஆண்கள் சீட்டை அப்படியே கொடுத்தால் எலும்பு விளிம்பில் தொங்கும். ஆனால் லேடீஸ் என்று ஒட்டியிருக்கிறது என்பதற்காக வாங்கிவிடாதீர்கள்; அவரையும் அதே அட்டையில் உட்காரச் சொல்லி அளந்துகொண்டு போங்கள். பின்னாளில் உங்களோடு புதுச்சேரி வரை வர ஆசைப்பட்டால் அப்போது அவருக்கும் குறுகிய மூக்கும் நடுவில் திறப்பும் உள்ள சீட்டு வேண்டியிருக்கும். முன்பக்கம் வீங்குகிறது, எரிகிறது என்று சொன்னால் உடனே காதுகொடுத்துக் கேளுங்கள். இதைப் பற்றிப் பேசத் தயங்கியே சைக்கிளை மூலையில் நிறுத்திய பெண்கள் பலரை எனக்குத் தெரியும்.

எல்லாம் சரியாக அமைந்த அன்று, சீட்டு பைப் சட்டத்துக்குள் இறங்கும் இடத்தில் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டு, உயரத்தையும் சாய்வையும் போனில் குறித்துவையுங்கள். பக்கத்து வீட்டுப் பையன் இரவல் வாங்கிச் சீட்டை இறக்கியிருப்பான், பங்க்சர் கடையில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மூக்கு திரும்பியிருக்கும். கோடு இருந்தால் பழைய இடத்துக்குக் கொண்டுவர ஒரு நிமிடம் ஆகாது.